பக்கெட்டில் அலை எழுப்பிய மவுத்பீஸ்

என் நண்பர் என் காதை நம்பினார். நான் அவரிடம் பொய் சொன்னேன். இரண்டு சாக்ஸபோன் மவுத்பீஸ்களில் நல்லதை மோசம் என்றும், சுமாரானதை உயர்ந்தது என்றும் சொன்னேன். தெரியாமல் சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. நன்றாகக் கேட்டு, எது நல்லது என்று ஐயமில்லாமல் தெரிந்துகொண்டு, அதன் பிறகுதான் மாற்றிச் சொன்னேன். காரணம் வேறொன்றுமில்லை, எனக்குத் தூக்கம் வேண்டியிருந்தது.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் இருவரும் கரோல் பாக்கில் ஒரு மொட்டை மாடி அறையில் குடியிருந்தோம். டில்லியில் அதற்குப் பர்சாத்தி என்று பெயர். ஓர் அறை, மாடியின் மறுகோடியில் ஒரு குளியலறை, நடுவில் கோடையில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுக்க வெட்டவெளி. இருவரும் திருநெல்வேலிப் பக்கம். நான் ஓர் அமைச்சகத்தில் உதவியாளன். அவர் இன்னோர் அமைச்சகத்தில் ஸ்டெனோ. பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் வாசித்துப் பழகியவர். குள்ளமான மனிதர், ஆசை மட்டும் பெரியது.

கன்னாட் பிளேஸில் ஓர் உணவகத்தில் மாலை நேரங்களில் பேண்டு வாசிப்பார்கள். அதன் தலைவர் ஒரு கோவாக்காரர். என் நண்பர் அவரைப் போய்ப் பார்த்துக் கிளாரினெட் வாசித்துக் காட்டினார். கோவாக்காரர் கேட்டுவிட்டு, "கிளாரினெட்டுக்கு ஆள் இருக்கிறது. என் பாரிடோன் சாக்ஸபோன்காரன்தான் கனடாவுக்குப் போகப் போகிறான். அதை வாசிப்பதானால் வா, முதலில் உன்னைக் கேட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லியனுப்பினார்.

அன்று அறைக்கு வந்ததிலிருந்து நண்பரால் உட்கார முடியவில்லை.

"வே, இது மட்டும் அமைஞ்சிட்டுன்னா, நான் அடுத்தவன் சொல்லச் சொல்ல எழுதுதவன் மட்டும் இல்ல. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல எனக்குன்னு ஒரு சத்தம் இருக்கும், தெரியும்லா?"

"பாரிடோன் உமக்கு வாசிக்கத் தெரியுமா?"

"கிளாரினெட்டுக்குக் கட்டைக் கொரல் சித்தப்பாதானவே அது."

ஊரைவிட்டுப் போகும் ஒரு வெளிநாட்டுத் தூதரக அதிகாரி வீட்டுச் சாமான்களை விற்றபோது, சித்தப்பா எங்கள் அறைக்கு வந்து சேர்ந்தார். பெட்டியோடு நிறுத்தினால் ஏறக்குறைய நண்பரின் உயரம். படுக்கையைச் சுருட்டும் ஹோல்டாலின் வாரை அறுத்துத்தான் கழுத்தில் மாட்டிக்கொள்ளப் பட்டி செய்தார். எல்லாம் இருந்தது, வாயில் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸ் மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் சாக்ஸபோன் என்பது வளைந்த பித்தளைக் குழாய்தான். கீழ் வீட்டில் இருந்த பஞ்சாபி வீட்டுக்கார அம்மாள் மேலே வந்து பார்த்துவிட்டு, "குளியலறைக் குழாயை நீங்களே மாற்றப் போகிறீர்களா? நல்ல பிள்ளைகள்" என்று பாராட்டிவிட்டுப் போனார்.

பழைய டில்லியில், கல்யாண பேண்டுக்காரர்களுக்கு வாத்தியம் விற்கும் சந்து ஒன்று உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனோம். கடைக்காரர் ஒரு பெரிய பிஸ்கட் டின்னைக் கவிழ்த்தார். பழைய மவுத்பீஸ்கள் கடகடவென்று விழுந்தன. அவர் எதை எடுத்தாலும் "அஸ்லி அமெரிக்கன், பாவுஜி" என்றார், அசல் அமெரிக்கச் சரக்காம். மீரட் என்று பொறித்திருந்ததையும் அப்படித்தான் சொன்னார். சுத்தம் செய்ய வேண்டும் என்று நண்பர் கேட்டதும், தான் குடித்துக்கொண்டிருந்த டீயில் முக்கி, சட்டையில் துடைத்து நீட்டினார்.

நண்பர் ஒவ்வொன்றையும் கண்ணருகே பிடித்து, ரீடு என்னும் நாணல் சீவல் உட்காரும் பரப்பு சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். கடைக் கண்ணாடியின் மேல் வைத்து ஆட்டிப் பார்த்தார். ஆடியதையெல்லாம் ஒதுக்கினார். நுனி மூளியானதை ஒதுக்கினார். கடைசியில் இரண்டு மிஞ்சின.

ஒன்று, கெட்டி ரப்பரான கறுப்பு எபோனைட். வயதாகி, கறுப்பு பழுப்பாகவும் பச்சையாகவும் மங்கியிருந்தது. உள்ளே குடைவு அகலம். கையில் சூடேறினால் தீக்குச்சி அணைத்த வாடை வந்தது. மற்றது உலோகம். வெள்ளிப் பூச்சு பாதி போயிருந்தது, மெலிந்து நீண்டிருந்தது. அதன் முதுகில், முன்பு வாசித்தவனின் பல் பதிந்த தடம். நடுவில் ஒரு பல்லுக்குத் தடமே இல்லை.

"ஓட்டப் பல்லன் ஒருத்தன் வாசிச்சிருக்கான் வே" என்றார் நண்பர், மரியாதையோடு.

கடையில் வைத்து முடிவு செய்ய முடியவில்லை. நண்பர் தன் கைக்கடிகாரத்தை அடகாக வைத்து இரண்டையும் ஒரு வாரத்துக்கு எடுத்து வந்தார். அந்த வாரம் முழுவதும் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனார்.

வாசிப்பவர் தானே கேட்டுத் தேர்ந்தெடுக்கலாமே என்று தோன்றும். அது முடியாது. மவுத்பீஸின் மேல் பல் பதிந்திருப்பதால், வாசிப்பவனுக்கு அவன் ஒலி பாதி மண்டையோட்டின் வழியாகத்தான் போய்ச் சேரும். எதிரில் உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்பது வேறு. அதனால் தேர்வுக்கு இன்னொருவர் காது வேண்டும். எந்த மவுத்பீஸ் என்று அவர் பார்க்கக் கூடாது. பார்த்தால் கண் தீர்ப்புச் சொல்லிவிடும். என் காதுக்கு அப்போது ஒரு பெயர் இருந்தது. தமிழ்ச் சங்கக் கச்சேரிகளில், பாடகர் வாய் திறந்து முடிப்பதற்குள் ராகம் இன்னதென்று பக்கத்து நாற்காலிக்குச் சொல்லிவிடுவேன். பக்கத்து நாற்காலிக்காரர்கள் இதை ரசித்தார்களா என்பது வேறு விஷயம். நண்பர் ரசித்தார்.

"உம்ம காதுதான் எனக்கு வேணும். எதுன்னு சொல்லும், அதோட பேச்சு முடிஞ்சுது. நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்."

என்னைக் குளியலறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். முக்காலிக்குப் பதில் துவைக்கும் கல். எதிரில் ஒரு பக்கெட் தண்ணீர். அவர் வெளியே நின்றுகொண்டு ஒவ்வொன்றிலும் ஸரளி வரிசை வாசிப்பார். நான் கேட்டுச் சொல்ல வேண்டும். பாரிடோன் சாக்ஸபோனில் மாயாமாளவகௌளை எப்படி இருக்கும் என்று உலகில் எத்தனை பேருக்குத் தெரியுமோ, அவர்களில் நான் ஒருவன். அதுவும் குளியலறையில் உட்கார்ந்து கேட்டவன்.

முதலாவது வந்தது. அது காதுக்கு வரவில்லை, கல்லின் வழியாக நேராக முதுகெலும்புக்கு வந்தது. கீழ் ஸட்ஜமத்தில் அவர் நின்றபோது பக்கெட் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழுந்தது. சோப்புப் பெட்டி தானாக நகர்ந்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. உலோகம்தான், பார்க்காமலே தெரிந்தது. தட்டுகளும் கரண்டிகளும் மோதிக்கொள்ளும் ஓர் உணவகத்தில் இந்த ஒலி எல்லாவற்றையும் தாண்டி எதிர்ச்சுவர் வரை போகும் என்பதும் தெரிந்தது.

இரண்டாவது வந்தது. பாயசம் மாதிரி இருந்தது. பக்கெட் தண்ணீர் அசையவே இல்லை.

"சொல்லும்வே" என்றார் வெளியிலிருந்து.

அந்த மாதத்தில் எனக்குத் துறைத் தேர்வு இருந்தது. தேறினால் செக்‌ஷன் ஆபீசர். நான் படிக்க வேண்டும், படித்த பிறகு தூங்க வேண்டும். அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து வருங்காலத்தை நினைத்துப் பார்த்தேன். தினமும் காலையும் மாலையும் அந்த முதலாவது, என் தலைமாட்டில்.

"ரெண்டாவது" என்றேன்.

"நெசமாவா? எனக்கு முதலாவதுல பல்லெல்லாம் அதிருச்சே."

இங்கேதான் என் தவறு முழுமை பெற்றது. ரெண்டாவது என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். நான் காரணமும் சொன்னேன். "முதலாவது வெறும் முரடு. ரெண்டாவதுல குழைவு இருக்கு. காந்தாரத்துல ஒரு கனிவு இருக்கு பாரும், அது லேசுல அமையாது" என்றேன். காந்தாரத்தில் ஒன்றுமே இல்லை.

அவர் கதவைத் திறந்தார். முகம் மலர்ந்திருந்தது. "காந்தாரத்துல... ஆமாவே, இப்போ சொல்லும்போதுதான் தெரியுது" என்றார். மறுநாளே உலோகத்தைத் திருப்பிக் கொடுத்துக் கடிகாரத்தை மீட்டு வந்தார்.

உணவகத்தில் அவரைக் கேட்டுப் பார்த்த பிற்பகலில் நானும் போயிருந்தேன். டிரம்ஸ், டிரம்பெட், பியானோ எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டைத் தொடங்கினார்கள். நண்பர் கன்னம் புடைக்க, கழுத்து நரம்பு தெறிக்க ஊதினார். ஒன்றும் கேட்கவில்லை. சமையலறையில் யாரோ முட்டை அடித்துக்கொண்டிருந்தது கேட்டது. பாட்டு முக்கால்வாசி முடிந்ததும் கோவாக்காரர் கை காட்டி நிறுத்தினார். நண்பரைப் பார்த்து, "நீ தயாரானதும் சொல், தொடங்கலாம்" என்றார்.

நண்பர், "நான் அப்போதிருந்தே வாசிக்கிறேன் சார்" என்றார்.

டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டுக் குனிந்துகொண்டார். கோவாக்காரர் நல்ல மனிதர், சிரிக்கவில்லை. மறுபடி கேட்டார், அருகில் வந்து காதை வைத்தும் கேட்டார். பிறகு நண்பரின் தோளைத் தட்டி, நெஞ்சுக்கு வலுவாக ஏதாவது சாப்பிடச் சொல்லியனுப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நண்பர் என்னைக் குறை சொல்லவில்லை. மவுத்பீஸையும் குறை சொல்லவில்லை.

"நெஞ்சுல வலு இல்லவே. உம்ம காது சரியாத்தான் சொல்லிச்சு. அந்தக் குழைவ வெளிய தள்ள எனக்குத் தம் இல்ல."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தேர்வுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. சொல்லவில்லை.

அடுத்த சில மாதங்கள் அவர் தன் நுரையீரலுக்காக உழைத்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் பூங்காவைச் சுற்றி ஓடினார். பலூன் ஊதினார், அறை முழுவதும் பலூன், எந்நேரமும் யாருக்கோ பிறந்தநாள் போல. பாதாம் ஊறவைத்துத் தின்றார். ஒரு நாள் பக்கெட் தண்ணீருக்குள் தலையை முக்கி மூச்சடக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கார அம்மாள் பார்த்துவிட்டார். ஓடி வந்து தலைமயிரைப் பிடித்து வெளியே இழுத்து, "பேட்டா, வேலை போனால் என்ன, வேறு வேலை கிடைக்கும்" என்று அழுதார். அம்மாளுக்குச் சமாதானம் சொல்லப் பாதாம் முழுவதும் செலவானது.

இவ்வளவும் செய்துவிட்டு மாலையில் எபோனைட்டை வாசிப்பார். அது இதமாக இருக்கும். நான் அயர்ந்து தூங்குவேன். தேர்வில் தேறினேன். சாந்தினி சௌக்கிலிருந்து ஜிலேபி வாங்கி வந்து எனக்கு ஊட்டியவர் அவர்தான். அந்த ஜிலேபியை விழுங்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உணவகத்தில் வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள். எங்கள் இருவருக்கும் கல்யாணமாகி, ராமகிருஷ்ணபுரம் அரசுக் குடியிருப்பில் எதிரெதிர்க் கட்டடங்களில் வீடு கிடைத்தது. சாக்ஸபோன் அவர் வீட்டுப் பரண் ஏறியது. என் காதின் பெயர் மட்டும் இறங்கவில்லை. டிரான்சிஸ்டர் வாங்கினால் என்னைக் கூட்டிப்போவார். மகளுக்கு வீணை வாங்கியபோது நான்தான் தட்டிப் பார்த்தேன். மேஜை மின்விசிறி வாங்கப் போன இடத்தில், எல்லாவற்றையும் ஓட விட்டு, "இவர் சொல்லட்டும், இவருக்குக் காந்தாரமே தெரியும்" என்று கடைக்காரரிடம் சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வையை நான் ஏற்றுக்கொண்டேன். தண்டனையில் கொஞ்சமாவது கழியட்டும்.

மின்விசிறிக்குப் பிறகு எனக்குப் பொறுக்கவில்லை. எண்பதுகளின் தொடக்கம் அது. பழைய டில்லிச் சந்துக்குப் போனேன். அதே கடைக்காரர், அதே டின். ஓட்டைப் பல் தடம் உள்ள உலோக மவுத்பீஸ் என்றதும் உடனே நினைவு வந்துவிட்டது அவருக்கு. கரோல் பாக் பக்கம் கல்யாண ஊர்வலங்களில் வாசிக்கும் ஒரு பேண்டுக்காரர் வாங்கிப்போனாராம்.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய சக அதிகாரி ஒருவரிடம் சொல்லிப் புது பாரிடோன் மவுத்பீஸ் ஒன்று முன்பே வரவழைத்து வைத்திருந்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முகூர்த்த சீசனில் மாலைதோறும் கரோல் பாக்கில் ஊர்வலம் ஊர்வலமாகத் தேடினேன். மத்திய அரசின் செக்‌ஷன் ஆபீசர் ஒருவர் சஃபாரி சூட்டில் குனிந்து குனிந்து, சாக்ஸபோன்காரர்களின் வாயையே பார்த்துக்கொண்டு நடந்தால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? மாப்பிள்ளை வீட்டார் என்னைப் பெண் வீட்டார் என்று நினைத்தார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டார் என்று நினைத்தார்கள். ஓர் ஊர்வலத்தில் மாலை போட்டார்கள். இன்னொன்றில், மாப்பிள்ளையின் குதிரைக்கு முன்னால் பத்துப் பேர் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் என்னையும் பிடித்து உள்ளே இழுத்தார்கள். ஆடினேன். ஆடிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய சாக்ஸபோன் பக்கம் நகர்ந்தேன். இரண்டு கையையும் மேலே தூக்கி ஒரு குலுக்குக் குலுக்கியபோது, மவுத்பீஸின் முதுகு தெரிந்தது. நடுவில் ஒரு பல் இல்லை.

ஊர்வலம் மண்டப வாசலை அடைந்ததும் அந்தப் பேண்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். மாற்றிக்கொள்வதற்கு மறுப்பார், கெஞ்ச வேண்டும் என்று பேச்செல்லாம் தயார் செய்திருந்தேன். அவர் பொன் முலாம் பூசிய புதியதை விளக்கொளியில் திருப்பிப் பார்த்தார். "யூனிஃபார்ம் பட்டனுக்கு ஜோடியா இருக்கு" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் பழையதைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். ஊதிக்கூடப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நண்பர் வீட்டுக்குப் போனேன். மவுத்பீஸை மேஜை மேல் வைத்தேன். நடந்ததை ஒன்றும் குறைக்காமல் சொன்னேன்: பக்கெட் அலை, சோப்புப் பெட்டி, தேர்வு, இல்லாத காந்தாரம். அவர் மவுத்பீஸை எடுத்துத் தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

"அப்போ என் நெஞ்சுக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"நான் பக்கெட்டுக்குள்ள தலைய விட்டது?"

"அவசியமே இல்ல."

"அந்த ஓட்டல்ல இப்போ பேண்டே கெடையாது, தெரியுமா உமக்கு? கேசட் போடுதானுவ."

எனக்குத் தெரியும். போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

அவர் பரணிலிருந்து சாக்ஸபோனை இறக்கினார். துளைகளை மூடும் தோல் திண்டுகள் காய்ந்து போயிருந்தன. இருந்த ஒரே ரீடை நனைத்து மாட்டினார். வாசித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஆனால் ஸ்வரம் ஒன்றும் இடத்தில் நிற்கவில்லை. மூச்சும் வரிசையின் நடுவில் அறுந்தது.

"இப்போ சொல்லும். இப்பவாவது உள்ளதச் சொல்லும்."

இனி இவரிடம் பொய் சொல்வதில்லை என்று படியேறும்போதே முடிவு செய்திருந்தேன். "சகிக்கல" என்றேன்.

"மவுத்பீஸா, நானா?"

"மவுத்பீஸ் அருமையா இருக்கு. நீர்தான்."

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். நான் கீழே இறங்கினேன். என் உண்மையை என் பொய்யைப் போல அவர் வரவேற்கவில்லை.

அதன் பிறகு பேச்சே இல்லை. ஆனால் சத்தம் இருந்தது. விடிந்ததும் அவர் வீட்டு மாடியில் தொடங்கிவிடும். என் படுக்கையறை நேர் எதிரே. முதல் வாரம் வரிசை தடுமாறியது. ஒரு மாதத்தில் ஸட்ஜமம் நின்றது. அப்புறம் எனக்கு விடிகாலைத் தூக்கம் என்பதே இல்லாமல் போனது. என் மனைவி, "நல்லா வேணும்" என்று சொல்லிவிட்டுக் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு திரும்பிப் படுத்தாள்.

குடியிருப்போர் சங்கத்தில் புகார் வந்தது. சங்கத்தின் செயலாளர் நான். கூட்டம் போட்டோம். கடைசிக் கட்டடத்து வங்காளி அதிகாரி, தன் பூனை வீட்டைவிட்டே போய்விட்டது என்றார். பால் பூத் வரிசையில் நின்ற ஒருவர், பஸ் பின்னால் வருகிறது என்று நினைத்து விலகி, பால் பாத்திரத்தோடு விழுந்தாராம். தலைவர் என் பக்கம் திரும்பினார். "எதிர் வீட்டில் இருப்பவர் நீங்கள்தான். உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?"

நண்பர் மூலையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருக்கும் ஒரே சந்தோஷத்தை நானே இரண்டாம் முறை பிடுங்கக் கூடாது என்று நினைத்தேன். "எனக்கா? எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே" என்றேன்.

மூலையிலிருந்து தமிழில் வந்தது. "வே. திரும்பவுமா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முகம் உணவகத்தில் பார்த்த அதே முகமாக மாறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: அங்கேயும் அவர் ஒலி யாருக்கும் கேட்கவில்லை. நான் எழுந்து, எல்லோருக்கும் புரிகிற இந்தியில் சொன்னேன்: "தவறாகச் சொல்லிவிட்டேன். கேட்கிறது. நன்றாகக் கேட்கிறது. கதவு, ஜன்னல் எல்லாம் சாத்தினாலும் கேட்கிறது. என் கட்டில் அதிர்கிறது."

நண்பர் கையை அவிழ்த்துக்கொண்டார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருடைய ஒலியை நிறுத்துவதா வேண்டாமா என்று அரை மணி நேரம் நடந்த விவாதத்தை, பாராட்டு விழாவில் உட்கார்ந்திருப்பவர் போலக் கேட்டார். கடைசியில், காலையில் கூடாது, மாலையில் தண்ணீர் பம்பு அறைக்குள் வாசிக்கலாம் என்று முடிவானது. பம்பு அறைச் சுவர் ஒன்றரைச் செங்கல் கனம்.

வெளியே வந்ததும் அவரே பேசினார். என் பக்கம் பார்க்காமல்தான்.

"கடைசிக் கட்டடம் வரைக்குமா கேக்குதாம்?"

"பூனையே போயிட்டுன்னு சொல்லுதாரே."

"பால் பூத்து ரோட்டுக்கு அந்தப் பக்கம்லா?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கந்தான்."

"ம்" என்றார். வீடு வரும்வரை நடை வேகமாக இருந்தது.

பேச்சு மெதுவாகத் திரும்பியது. பண்டிகைக்குப் பலகாரம் வந்தது, ரயில் டிக்கெட்டுக்குச் சேர்ந்து வரிசையில் நின்றோம், என் மகன் கல்யாணத்தில் அவர் இரண்டு பாட்டு வாசித்தார். வீடியோக்காரர் மைக்கை அவரிடமிருந்து தள்ளித் தள்ளி வைத்தார். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எதைத் தேர்ந்தெடுக்கவும் அவர் என் காதைக் கேட்டதில்லை. மகளுக்கு இரண்டாவது வீணை வாங்கியபோது என் மனைவியைக் கூப்பிட்டார். அவளுக்கு ராகம் எதுவும் தெரியாது. நான் அவர்களை ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் கூட்டிப்போய், கடைக்கு வெளியே வண்டிக்காரரோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளே ஒவ்வொரு வீணையாக மீட்டுவது கேட்டது. மூன்றாவது நன்றாக இருந்தது. அவர்கள் முதலாவதை வாங்கிக்கொண்டு வந்தார்கள். எப்படி இருக்கிறது என்று அவர் என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.